நாளைய பொறியியலாளர்கள் எங்கே தொழில் பழகப் போகிறார்கள்?

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும், கணிதப் பிரிவில் மாவட்டத்தில் முதலிடம் பெற்ற மாணவனின் அல்லது மாணவியின் புகைப்படத்துடன் ஒரு செய்தியை எமது பத்திரிகைகள் தவறாமல் வெளியிடுவதுண்டு. எதிர்கால இலட்சியம் என்ன என்ற கேள்விக்கு அவர்கள் அளிக்கும் பதிலும் ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான். பொறியியலாளராகி நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புவதாகக் கூறுவார்கள். நாற்பது வருடங்களாக இத்தகைய செய்திகளை வாசித்து வந்திருக்கிறேன். பலவற்றைச் செம்மைப்படுத்தி அச்சுக்கு அனுப்பியும் இருக்கிறேன். அந்தப் பதில் மாறவில்லை. ஆனால் பொறியியலாளர் ஒருவர் செய்யும் வேலையும், அந்த வேலையை அவர் கற்றுக்கொள்ளும் விதமும், பட்டம் பெற்ற பிறகு அவர் எந்த நாட்டில் வாழப்போகிறார் என்பதும் முற்றாக மாறிக்கொண்டிருக்கின்றன. இந்த மாற்றம் குறித்து எமது சமூகத்தில் பேசப்படுவது மிகவும் குறைவு. பேசப்படும்போதும், எந்தத் துறையைப் படித்தால் வேலை கிடைக்கும் என்ற கேள்வியுடன் பேச்சு நின்றுவிடுகிறது.

இலங்கைத் தமிழர்களைப் பொறுத்தவரை பொறியியல் என்பது வெறுமனே ஒரு தொழில் மட்டுமல்ல. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 1950 இல் கொழும்பில் தொடங்கி, 1964 இல் பேராதனைக்கு இடம்மாறியது. அதில் ஓர் இடம் பெறுவது ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றியமைத்த காலம் அது. 1970 களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் கொண்டுவரப்பட்டபோது, பொறியியல் பீட அனுமதிக்கு 400 புள்ளிகளில் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 உம் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 உம் தேவை என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்த 23 புள்ளிகள் இந்த நாட்டின் வரலாற்றில் என்ன செய்தன என்பதை இங்கு மீண்டும் விபரிக்கத் தேவையில்லை. பொறியியல் பீடத்தின் ஓர் ஆசனம் அரசியல் போராட்டத்துக்கான காரணங்களில் ஒன்றாக மாறிய சமூகம் உலகில் வேறெங்கும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆசனத்தின் பெறுமதி காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. முதலில் அது அரசாங்க உத்தியோகம். பிறகு கல்யாணச் சந்தையில் சீதனத்தின் அளவு. 1970 களில் சாம்பியாவும் நைஜீரியாவும் மத்திய கிழக்கும் எமது பொறியியலாளர்களை அழைத்துக்கொண்டன. 1983 ஜூலைக்குப் பின்னர் அது விமானப் பயணச்சீட்டாகவே மாறியது. இன்று மெல்பேர்னிலும் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருந்து இதை வாசிக்கின்ற பலரது குடும்ப வரலாறும் இதுவாகத்தான் இருக்கும். அதில் குறைகாண எவருக்கும் உரிமையில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஓடியவர்களிடம் தேசத்துக்கான கடமையைப் பற்றி விரிவுரை செய்வது அபத்தம்.

ஆனால், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நடந்தது வேறு வகையானது. அந்த ஒரு வருடத்தில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காகப் பதிவுசெய்து புறப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையினர் பொறியியலாளர்கள் அல்லர் என்பது உண்மையே. ஆனால் வெளியேறிய பொறியியலாளர்கள் யார் என்பதுதான் கவனத்துக்குரியது. புதிதாகப் பட்டம் பெற்றவர்கள் மட்டுமல்ல. பத்து, பதினைந்து வருட அனுபவமும் பட்டயப் பொறியியலாளர் தகுதியும் உடைய, நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்தவர்களும் போனார்கள். பிள்ளைகளின் கல்வியையும், ஒரே இரவில் அரைவாசியாகச் சுருங்கிவிட்ட சம்பளத்தின் பெறுமதியையும் பார்த்து முடிவெடுத்தவர்கள் அவர்கள். இலங்கைப் பொறியியலாளர்கள் நிறுவனம் 2014 இல் வொஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றதைத் தொடர்ந்து எமது பொறியியல் பட்டங்களுக்குக் கிடைத்த சர்வதேச அங்கீகாரம் பெருமைப்படவேண்டிய விடயம்தான். அதே அங்கீகாரம் கதவையும் அகலமாகத் திறந்துவிட்டது.

இனி இன்னொரு புறத்தைப் பார்ப்போம். 2022 நவம்பர் இறுதியில் சட்ஜிபிடி வெளியான பின்னர், செயற்கை நுண்ணறிவு பொறியியலாளர்களின் வேலையைப் பறித்துவிடுமா என்ற கேள்வி எங்கும் கேட்கப்படுகிறது. இது தவறாகக் கேட்கப்படுகின்ற கேள்வி என்பது எனது அபிப்பிராயம். பாலம் ஒன்றின் அத்திவாரத்துக்கு இந்த மண் பொருத்தமானதா என்று தீர்மானித்துக் கையொப்பமிடும் பொறுப்பை எந்த இயந்திரமும் ஏற்கப்போவதில்லை. எந்த நீதிமன்றமும் இயந்திரத்தைக் கூண்டில் நிறுத்தப்போவதுமில்லை. இயந்திரம் எடுத்துக்கொள்வது அந்தக் கையொப்பத்துக்குக் கீழே இருக்கின்ற வேலைகளையே. அளவுப் பட்டியல் தயாரித்தல், கம்பி வளைப்புக்கான அட்டவணை எழுதுதல், வரைபடங்களைத் திருத்துதல், பரிசோதனைப் பெறுபேறுகளை அறிக்கையாகத் தொகுத்தல், மென்பொருள் துறையென்றால் சிறுசிறு நிரல்களை எழுதிப் பிழை பார்த்தல் என்பனதான் அவை. அலுப்பூட்டும் வேலைகள். மூத்தவர்கள் செய்ய விரும்பாமல் புதிதாக வந்தவர்களின் தலையில் கட்டிவிடும் வேலைகள்.

புதிதாக வந்தவர் தொழிலைக் கற்றுக்கொண்டது அந்த அலுப்பூட்டும் வேலைகளுக்குள்தான். நூறு கம்பி அட்டவணைகளைத் தன் கையால் எழுதியவருக்கு, நூற்றியோராவது அட்டவணையில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அந்தக் கண்ணைப் பல்கலைக்கழகம் கொடுப்பதில்லை.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், எனது சொந்தத் தொழிலில் இது நடந்து முடிந்ததைக் கண்டவன் நான் என்பதே. நான் பத்திரிகைத்துறைக்குள் வந்தபோது ஈய எழுத்துக்களைக் கையால் கோர்த்த அச்சுக்கோப்பாளர்கள் இருந்தார்கள். ஒப்புநோக்காளர்களுக்கென்று ஒரு தனி அறை இருந்தது. புதிதாகச் சேர்ந்த எவரும் முதலில் அந்த அறையில்தான் அமர்த்தப்படுவார். மூலப்பிரதியை ஒருவர் உரத்து வாசிக்க, மற்றவர் ஈரம் காயாத அச்சுத்தாளில் பிழை திருத்துவார். கணினி வந்தது. அச்சுக்கோப்பாளர்கள் போனார்கள். அடுத்து, எழுதுபவரே தட்டச்சுச் செய்வதால் ஒப்புநோக்காளர் எதற்கு என்று நிருவாகங்கள் கேட்டன. அந்த அறைகளும் மூடப்பட்டன. செலவு குறைந்தது உண்மை. பத்திரிகை விரைவாக வந்ததும் உண்மை. அதன் விலை பதினைந்து வருடங்களுக்குப் பின்னர்தான் தெரியவந்தது. மூத்த உதவி ஆசிரியர்கள் ஓய்வுபெற்றபோது, அவர்களது கதிரைகளில் அமர்த்துவதற்குப் பயிற்றப்பட்ட எவரும் இருக்கவில்லை. இன்று தமிழ்ப் பத்திரிகைகளின் தலைப்புகளிலேயே காணப்படும் எழுத்துப் பிழைகளைக் கண்டு கோபப்படுகின்ற வாசகர்கள், மூடப்பட்ட அந்த அறைகளை ஒருபோதும் பார்த்ததில்லை.

பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் வெளியிடலாம். அணைக்கட்டுக்கு அந்த வசதி கிடையாது.

ஆக, ஏணியின் கீழ்ப்படிகளைத் தொழில்நுட்பம் கழற்றிக்கொண்டு போகிறது. மேற்படிகளில் நின்றவர்களை விமானம் ஏற்றிக்கொண்டு போகிறது. மேலைநாடுகளுக்கு முதலாவது பிரச்சினை மட்டுமே இருக்கிறது. அவர்கள் எங்கள் மூத்தவர்களை எடுத்துக்கொண்டு தமது வெற்றிடத்தை நிரப்பிக்கொள்ளலாம். எங்களைப் போன்ற நாடுகளுக்கு இரண்டும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. பிறப்பு எண்ணிக்கையையும் இதனுடன் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2013 இல் இலங்கையில் மூன்றரை இலட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. 2023 இல் அந்தத் தொகை இரண்டரை இலட்சத்துக்கும் கீழே போய்விட்டது. அந்தக் குழந்தைகள் உயர்தர வகுப்புக்கு வரும்போது, போட்டிப் பரீட்சையில் வடிகட்டி ஒதுக்குவதற்குக்கூட எங்களிடம் போதிய பிள்ளைகள் இருக்கமாட்டார்கள்.

இந்த நாட்டுக்கு இனி எத்தகைய பொறியியலாளர்கள் தேவை என்பதை விளக்குவதற்கு ஒரு குரங்கின் கதை போதுமானது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்குப் பிறகு நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததே காரணம் என்று எரிசக்தி அமைச்சர் குமார ஜயகொடி கூறினார். உலக ஊடகங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தன. நாமும் சிரித்தோம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்றுபோய், அதற்கடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு வந்தபோது சிரிப்பு அடங்கியது.

ஆனால் குரங்குகள் உபமின் நிலையங்களுக்குள் புகுவது புதிதல்ல. ஒரு குரங்கினால் ஒரு நாடே இருளில் மூழ்கியது ஏன் என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி. அன்று விடுமுறை நாள். தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்ததால் மின்தேவை குறைவு. வெயிலோ கடுமை. அந்த வேளையில் நாட்டின் மின்தேவையில் ஏறத்தாழப் பாதியைச் சூரிய மின்சாரம் நிறைவேற்றிக்கொண்டிருந்தது. நீர்மின் நிலையங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் உள்ள பாரிய சுழலிகள் சுழன்றுகொண்டே இருப்பதால், எங்காவது ஓர் அதிர்ச்சி ஏற்படும்போது அவற்றின் பாரமே சில விநாடிகளுக்கு முழு மின்வலையமைப்பையும் தாங்கிப் பிடிக்கும். பௌதிகப் பாடத்தில் சடத்துவம் என்று படித்திருப்போம், அதுதான் இது. கூரைமேல் பொருத்தப்படும் சூரியத் தகட்டில் சுழலும் பாகம் எதுவும் கிடையாது. சுழலிகள் குறைவாகவும் தகடுகள் அதிகமாகவும் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, தாங்கிப் பிடிக்கும் பாரம் வலையமைப்பில் போதியளவு இருக்கவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், கூரைச் சூரியத் தகடுகளைப் பகல் வேளையில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை பொதுமக்களிடம் கோரவேண்டி வந்ததும் இதே காரணத்தினால்தான்.

வெயிலைப் பணம் கொடுத்து வாங்கத் தேவையில்லாத ஒரு நாட்டில், வெயில் அதிகம் என்பதற்காகச் சூரிய மின்சாரத்தை நிறுத்தும்படி கேட்கவேண்டியிருந்தது. தகடுகளை இறக்குமதி செய்து பொருத்துவது இலகு. அவற்றை ஒரு பழைய வலையமைப்புடன் இணங்க வைப்பதற்கு மின்கலத் தொகுதிகளும் வேகமான கட்டுப்பாட்டுக் கருவிகளும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த நாட்டின் வலையமைப்பு எந்த நாளில் எந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வருடக்கணக்காக அருகிலிருந்து அவதானித்த மனிதர்கள் வேண்டும். மாதிரியுருவைக் கணினி இயக்கித் தரும். ஆனால் மாதிரியுருவில் எது விடுபட்டிருக்கிறது என்பதைக் கட்டுப்பாட்டறையில் இரவுபகலாகக் கடமையாற்றியவரே சொல்லமுடியும்.

யாழ்ப்பாணத்துத் தண்ணீரும் இதையே சொல்கிறது. ஓடுகின்ற ஆறு என்று சொல்வதற்கு மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர வேறொன்றுமில்லாத, சுண்ணாம்புக் கல்லின் மீது அமர்ந்திருக்கும் குடாநாடு அது. நிலத்துக்கடியில் உவர்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும் நன்னீர்தான் எங்கள் கிணறுகள். நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950 களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம், கடல்நீரேரிகளை மறித்து மழைநீரைச் சேமித்து நன்னீராக்கும் யோசனை. அந்த நிலத்தில் நடந்து நடந்து அறிந்த ஒருவருக்கு மட்டுமே அது தோன்றியிருக்க முடியும். அந்தத் திட்டம் இன்னும் முழுமை பெறவில்லை. மாறாக, நாளொன்றுக்கு 24 ஆயிரம் கன மீற்றர் நீரை உற்பத்தி செய்யக்கூடிய கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் தாளையடியில் திறந்துவைக்கப்பட்டது. எது சிறந்தது என்ற விவாதத்துக்குள் நான் இங்கு நுழையவில்லை. தாளையடியின் இயந்திரங்களை இன்னும் இருபது வருடங்களுக்கு இயக்கப் போகிறவர்கள் யார், அவர்கள் எங்கே பயில்கிறார்கள் என்று மட்டுமே கேட்கிறேன். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது 2019 இல். அங்குள்ள மக்கள் தங்கள் கிணற்று நீரில் எண்ணெய் மிதப்பதாக முறையிடத் தொடங்கியதோ அதற்குப் பல வருடங்களுக்கு முன்னர்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பல இளம் பொறியியலாளர்கள் இன்று அவுஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் கட்டப்படும் கட்டிடங்களுக்கு இங்கிருந்தபடியே வரைபடம் தயாரிக்கிறார்கள். நல்ல சம்பளம். வீட்டைவிட்டுப் போகவும் தேவையில்லை. அவர்களது பெற்றோரின் நிம்மதி எனக்குப் புரிகிறது. என்றாலும், தான் வரையும் கட்டிடத்தை வாழ்நாளில் ஒருபோதும் பார்க்காத ஒருவரின் வேலையைத்தான் இயந்திரம் முதலில் பெயர்த்தெடுக்கும் என்பதையும் சொல்லாமல் இருக்கமுடியவில்லை.

வெற்றிடம் இவ்வளவு பெரிதாகிக்கொண்டிருக்கும்போது, எங்கள் கண்முன்னே இருக்கின்ற ஆற்றலை நாங்கள் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? இலங்கையின் முதலாவது பெண் பொறியியலாளர் ஒரு தமிழ்ப் பெண். பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை 1964 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, பிறகு ஒக்ஸ்போர்ட்டில் கலாநிதிப் பட்டமும் பெற்றவர். அறுபது வருடங்களுக்கும் மேலாகிவிட்டது. இன்று பொறியியல் பீடங்களில் மாணவிகளைக் காண்பது ஓர் அதிசயமல்ல. வேலைத்தலங்களில் பெண் பொறியியலாளரைக் காண்பது இன்னமும் அதிசயம்தான். படிப்பை முடித்தவர்கள் வடிவமைப்பு அலுவலகங்களுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் விரிவுரையாளர் பதவிகளுக்கும் போய்விடுகிறார்கள். அவர்களுக்குத் துணிவில்லை என்று சொல்பவர்கள், எங்கள் வீதிப் பணிகளும் பாலப் பணிகளும் நடைபெறும் இடங்களில் ஒரு பெண்ணுக்கு மலசலகூடம் இருக்கிறதா, இரவில் தங்க இடம் இருக்கிறதா, வேலை முடிந்து திரும்ப வாகனம் இருக்கிறதா என்று ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும். மகளைப் பொறியியல் படிக்க வைக்க நகையை அடகு வைக்கும் தகப்பனே, அவள் வேலைத்தலத்துக்குப் போகக்கூடாது என்று தடுப்பதையும் கண்டிருக்கிறேன். இயந்திரம் எடுத்துக்கொள்ளப்போகும் மேசை வேலைகளை நோக்கியே எங்கள் பெண்களை நாங்கள் தள்ளிக்கொண்டிருக்கிறோம் என்பதை எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தொழில்நுட்பவியலாளர்களின் நிலைமை இதைவிட மோசம். உயர்தரத்தில் 2013 இல் தொழில்நுட்பப் பிரிவு அறிமுகப்படுத்தப்பட்டபோது, கணிதப் பிரிவில் சித்தியடைய முடியாதவர்களுக்கான பிரிவு அது என்ற எண்ணத்தை நாங்களே பரப்பினோம். காற்றாலையின் உச்சியில் ஏறிப் பழுதுபார்க்கக்கூடிய ஒருவருக்கு உலகெங்கும் என்ன கேள்வி இருக்கிறது என்பது எங்கள் பிரத்தியேக வகுப்பு விளம்பரங்களில் வருவதில்லை. மன்னாரில் 'தம்பபவனி' காற்றாலைப் பூங்காவின் 30 காற்றாலைகளும் 103.5 மெகாவாட் கொள்ளளவுடன் நிற்கின்றன. அவை பறவைகளுக்கும் மீனவருக்கும் மழைநீர் வடிந்தோடுவதற்கும் ஏற்படுத்தும் பாதிப்புக் குறித்து மன்னார் மக்கள் எழுப்பும் கேள்விகள் நியாயமானவை. அந்தக் கேள்விகளுக்கு மன்னாரின் மொழியிலேயே, அந்த மண்ணையறிந்து பதில் சொல்லக்கூடிய பொறியியலாளரும் தொழில்நுட்பவியலாளரும் போதியளவில் இருந்திருந்தால், அந்தப் பிணக்கு வீதிக்கு வந்த விதம் வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பயிற்சிக்கான இடமே இல்லை என்றும் சொல்லமுடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி 600 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டு, வீதிகளையும் பாலங்களையும் புகையிரதப் பாதைகளையும் மலைச்சரிவுகளையும் சிதைத்துவிட்டுப் போனது. மலையகத்தில் லயன் அறைகளுக்கு மேலிருந்த சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. எந்தச் சரிவில் மீண்டும் குடியிருக்கலாம், எதில் கூடாது என்பதைத் தோட்டம் தோட்டமாக நடந்து பார்த்துச் சொல்வதற்கு மண்ணியல் அறிந்த பொறியியலாளர்கள் பெருந்தொகையில் தேவைப்படுகிறார்கள். ஓய்வுபெற்ற பொறியியலாளர்கள் பலர், 1978 இற்குப் பின்னரான மகாவலித் துரித அபிவிருத்தித் திட்டமே தங்களது உண்மையான பல்கலைக்கழகம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். விக்டோரியா அணை பிரிட்டனின் உதவியுடனும் கொத்மலை சுவீடனின் உதவியுடனும் ரந்தெனிகல அன்றைய மேற்கு ஜேர்மனியின் உதவியுடனும் கட்டப்பட்டன. வெளிநாட்டு நிபுணர்களின் பக்கத்தில் நின்று, அலுப்பூட்டும் வேலைகளைச் செய்து செய்தே அவர்கள் தொழிலைப் பழகினார்கள்.

இந்தச் சூறாவளிக்குப் பின்னரான புனரமைப்புக்கும் கடன்களும் உதவிகளும் வெளியிலிருந்தே வருகின்றன. கேள்விப்பத்திரங்களில் சீமெந்தின் தரம் எழுதப்படும், கம்பியின் விட்டம் எழுதப்படும், தாமதத்துக்கான தண்டப்பணமும் எழுதப்படும். பாலம் ஒன்றுக்கு இத்தனை இளம் பொறியியலாளர்களும் தொழில்நுட்பவியலாளர்களும் சம்பளத்துடன் பயிலுநர்களாகச் சேர்த்துக்கொள்ளப்படவேண்டும், அவர்களில் இத்தனை பேர் பெண்களாக இருக்கவேண்டும், கணினி நொடியில் செய்துவிடும் கணிப்பை அவர்கள் ஒருமுறையாவது கையால் செய்து மூத்தவர் ஒருவரிடம் காட்டவேண்டும் என்றும் ஒரு பந்தியை அதில் சேர்க்கலாம். ஒரு பாலத்தின் மொத்தச் செலவுடன் ஒப்பிட்டால் அதற்காகும் தொகை அற்பம். புலம்பெயர்ந்து வாழும் மூத்த பொறியியலாளர்கள் பணம் அனுப்புவதற்குப் பதிலாக, வருடத்தில் ஆறு வாரங்கள் அத்தகைய வேலைத்தலம் ஒன்றில் வந்து நின்று இளையவர்களின் வரைபடங்களைத் திருத்திக் கொடுக்கவும் அதே பந்தியில் வழிசெய்யலாம். கேள்விப்பத்திரங்களைத் தயாரிக்கும் பொறுப்பில் உள்ள அமைச்சுகளும் மாகாண சபைகளின் திணைக்களங்களும் அந்தப் பந்தியை எழுதுமா என்பதுதான் இப்போது கேட்கப்படவேண்டியது. அந்தக் கேள்வியைப் பாராளுமன்றத்தில் எழுப்புவதற்கு வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து தெரிவாகிச் சென்றிருக்கும் உறுப்பினர்களுக்கு, எனக்குத் தெரிந்தவரை, எந்தத் தடையும் இல்லை.